தாத்தாவின் இறப்புப் பதிவு

அக்டோபர் 30, வெள்ளி

இன்றும் வெறுங்கையோடுதான் திரும்பினேன்.

அம்மா பிறக்கும் முன்பே, சங்கு குளிக்கப் போன தாத்தா கரை திரும்பவில்லை. இறந்த தேதி தெரிந்தால் அவருக்கு ஒரு பூசை வைக்கலாம் என்று அம்மாவுக்கு ஆசை. தூத்துக்குடி மாதா கோயில் பதிவேடுகளில் தேடினேன், வேம்பாரில் தேடினேன். இன்று கீழவைப்பார் கோயிலில் அவருடைய ஞானஸ்நானமும் கல்யாணமும் பதிவாகியிருந்தன. இறப்பு மட்டும் இல்லை. பங்குச் சாமியாரிடம் கோபமாகவே கேட்டேன்.

"இது அடக்கப் பதிவு தம்பி. உடல் கிடைக்கலைன்னா அடக்கம் ஏது? அதான் எழுதல" என்றார்.

இதை முதல் கோயிலிலேயே யாராவது சொல்லித் தொலைத்திருக்கலாம். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எரிச்சல். அம்மா அழுவாள் என்று பயந்து, அவள் சாப்பிட்டு முடித்த பிறகே சொன்னேன்.

அவள் அழவில்லை. "செத்தாவன்னு எங்கயும் எழுதலல்லா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா."

"அப்போ எங்கயோ கரையேறிருப்பாவ. பூசை வேண்டாம்ல, விடு."

சொல்லிவிட்டு நிம்மதியாகப் படுத்துவிட்டாள். இத்தனை நாள் அலைந்து அவளுக்கு நான் கொண்டுவந்து கொடுத்தது இதைத்தான். சாமியார் சொன்னதைத் திரும்பவும் விளக்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் தூங்கிவிட்டாள். காலையில் சொல்ல எனக்குத் தைரியம் வருமா, தெரியவில்லை.