வெறுங்கையில் போட்ட முடிச்சு

மேலகரம்
வைகாசி 20

அன்பு மகள் குழல்வாய்மொழிக்கு அம்மா எழுதுவது. குற்றாலநாதர் புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை சாமும் டப்ளின் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா. கையில் போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். உன் போன் வந்தாலே அப்பா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காதை மட்டும் என் பக்கம் வைத்துக்கொள்கிறார், யார் பேசியது என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. நீங்கள் எங்களுக்குச் சொல்லாமல் கல்யாணத்தைப் பதிவு செய்து எட்டு மாதம் ஆகிறது, எட்டு மாதமும் உன் கோபத்தை அவரிடமும் அவர் கோபத்தை உன்னிடமும் சுமந்துகொண்டு நடக்கிறேன். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள், மத்தளமாவது கச்சேரி முடிந்தால் உறைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். எனக்கு அலுத்துவிட்டது மகளே, மாடிப்படி ஏறினால் முழங்காலும் கூடவே பேசுகிறது.

ஆனியில் வருகிறோம், வீட்டோடு ஒரு தாலி கட்டி, ஹாலில் மாட்டியிருக்கிற உங்கள் கல்யாணப் போட்டோ மாதிரியே கறுப்பு வெள்ளையில் ஒன்று எடுக்க வேண்டும், அதில் அப்பா பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கேட்டாய் அல்லவா. அவர் சாப்பிட்டு முடித்து மனசு குளிர்ந்திருந்த நேரம் பார்த்துச் சொன்னேன். கையெழுத்துப் போடுதப்ப நாம வேண்டாம், போட்டோவுக்கு மட்டும் வேணுமாக்கும், முடிஞ்ச கல்யாணத்துக்கு மறுபடி மாலை போடுதது நாடகம்லா, நான் வேசம் கட்ட மாட்டேன் என்றுவிட்டார். இதை அவர் சொன்னது எங்கள் போட்டோவுக்கு நேர் கீழே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு. எனக்கு வந்த கோபத்துக்குக் கையிலிருந்த சொம்பை வைத்த சத்தம் பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.

ஏன் கோபம் என்று கேள். பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம் என்று அப்பா அந்தக் காலத்திலேயே சொல்லிவைத்தது, இன்று சொல்கிறேன். அந்தப் போட்டோ கல்யாணத்தன்று எடுத்ததில்லை. இலஞ்சி முருகன் கோயிலில் நல்ல சாரலில் எங்கள் கல்யாணம். படம் பிடித்த மசூது பாய், கேமராவுக்குள் தண்ணீர் போய்விட்டதோ என்ற பயத்தில் பிலிம் ரோலைச் சுற்றி முடிக்காமலே பின்மூடியைத் திறந்துவிட்டார், வெளிச்சம் பட்டு ஒரு படம்கூடத் தேறவில்லை. மனுஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து சொன்னார். ஒரு கல்யாணப் போட்டோகூட இல்லாமல் எப்படி என்று உன் தாத்தா எட்டு நாள் கழித்து எங்களை மறுபடி மாலை போட்டுக் கோயிலுக்குக் கூட்டிப்போனார். செவ்வாய்க்கிழமை, யாரும் கல்யாணம் வைக்கமாட்டார்கள், மண்டபம் காலியாகக் கிடந்தது. தாலி கிடக்கிற கழுத்தில் இன்னொன்று கட்டக் கூடாது என்று என் மாமியார் சொல்லிவிட்டதால் அப்பா என் பிடரிக்குப் பின்னால் வெறும் விரல்களை ஆட்டி முடிச்சுப் போட்டார். போட்டோவில் நானும் அம்மா மாதிரி வெட்கப்பட்டுக் குனிந்து நிற்பேன் என்றாயே, அது வெட்கம் இல்லை, கூச்சம் தாங்காமல் சிரிப்பை அடக்கிக் குனிந்தது. நிஜக் கல்யாணத்தில் எங்கள் பின்னால் விளக்குப் பிடித்தது உன் முத்துசெல்வி அத்தை. அவர் அதற்குள் சுரண்டைக்குப் போய்விட்டார், சொல்லி அனுப்ப நேரமில்லை, அகப்பட்ட பக்கத்து வீட்டுத் தங்கபுஷ்பம் டீச்சர் கையில் விளக்கைக் கொடுத்துவிட்டார்கள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற டீச்சர்தான் இன்றுவரை எங்கள் கல்யாணத்துக்கு விளக்குப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அத்தை ஏன் போட்டோவில் இல்லை என்று சின்ன வயதில் நீ கேட்டபோதெல்லாம் சாப்பிடக் கூப்பிட்டு மழுப்பியிருக்கிறேன்.

போன வியாழக்கிழமை அத்தை தென்காசிக்கு டாக்டரைப் பார்க்க வந்தவர் அப்படியே இங்கேயும் வந்தார். போட்டோவைப் பார்த்ததும் வழக்கம்போல, வெளக்கு பிடிச்சவ ஒருத்தி, படத்துல நிக்கவ ஒருத்தி என்று தொடங்கினார். பிள்ளைகள் பக்கத்தில் இல்லாதபோதெல்லாம் நாற்பது வருஷமாகக் கேட்டுச் சலித்த பேச்சு, நான் காப்பி போடப் போய்விட்டேன். உன் விஷயம் அவருக்கு எப்படித் தெரிந்ததோ, நான் சொல்லவில்லை. திடீரென்று அப்பா பக்கம் திரும்பினார், குரல் மாறிவிட்டது. ஏலே சுடலை, நீ எட்டு நாள் கழிச்சு வெறுங்கைய முடியலாம், அதக் கண்ணாடி போட்டு மாட்டலாம், உன் மவ எட்டு மாசம் கழிச்சு நெசத் தாலிய கட்டிக்கிட்டா மட்டும் நாடகமா, அங்கன யாரும் இல்லாம ஒத்தையில நின்னுருக்காளே என்றார். அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அத்தை காப்பியைக் குடிக்காமலே பஸ் ஏறினார்.

அதன்பின் மூன்று நாள் நான் தட்டை வைப்பேன், அவர் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார். நானும் சமாதானம் செய்யப் போகவில்லை, தெம்பில்லை. நேற்றுக் காலை தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன், அடுப்படி வாசலில் வந்து நின்று, அக்காட்ட சொல்லிரு, இந்தத் தடவ போட்டோ எடுத்து முடிக்க முன்ன சுரண்டைக்கு பஸ் ஏறிறக் கூடாதுன்னு, என்றார். சொல்லிவிட்டுத் தோசைக்குக் காத்திராமல் போய்விட்டார். எனக்குக் கண் நிறைந்து கல்லில் கிடந்த தோசை கருகிவிட்டது.

வரும்போது மாப்பிள்ளைக்குக் குடை எடுத்து வா, சாரல் யாரையும் விடாது. குழல்வாய்மொழி அம்மன் உங்கள் இரண்டு பேரையும் நோய் நொடி இல்லாமல் காப்பாற்றட்டும். ஒன்றை மறக்காதே, இனிமேல் நான் தூது போகமாட்டேன். அப்பா நம்பருக்கு நீயே போன் போடு, டிவி சத்தத்தைக் குறைத்துவைத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

இப்படிக்கு,
உன் வரவுக்குக் காத்திருக்கும் அம்மா,
ஆவுடையம்மாள்