ஒரே ஒரு ‘இன்னாங்க’

கார்த்திகை 4, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. பாகூர் பஸ் லேட். ஆஸ்பத்திரி ஆராய்ச்சிக்கூடத்து எலி அறையில் கூண்டு மாற்றும் வேலை. மரத்தூள் எல்லாம் ஈரம். வாயில் மட்டும் கட்டி உள்ள எலிகள் ஒரு பக்கம், கழுத்துக்கும் நுரையீரலுக்கும் பரவியவை இன்னொரு பக்கம். இரண்டிலும் ரத்தம் எடுத்தோம்.

ஆராய்ச்சி டாக்டரம்மா: “புத்து வாயோட நிக்கிற வரைக்கும் உடம்பு சண்டை போடுது பாபு. பரவிட்டா அசந்து போற மாதிரி தெரியுது. இன்னும் பாக்கணும்.”

வார்டில் செல்வி. என் பெண்டாட்டி. நாக்கில் புற்று, நாளை ஆபரேஷன். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது. அது சண்டையா, பரவியதா? கேட்க வாய் வரவில்லை. பயம்.

5, புதன்

ஆபரேஷன் ஆயிற்று. நாக்கில் பாதிக்கு மேல் எடுத்துவிட்டார்கள். நெறியையும் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியாயிற்று. மூக்கில் குழாய்.

மாமியார்: “வாயாடி, வாயாடின்னு எத்தினி வாட்டி திட்டிக்கிறேன் இவள.” முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

வாங்க வேண்டியது: பஞ்சு, குளுக்கோஸ், தலையணை உறை.

9, ஞாயிறு

எலிக்கு ஞாயிறு ஏது. தண்ணீர் வைத்துவிட்டு மதியம் வீட்டுக்கு வந்தேன். குடை ரிப்பேர். கறிவேப்பிலைச் செடி மழையில் சாய்ந்து கிடக்கிறது, நிமிர்த்திக் கட்டினேன். நான் கொல்லையில் நின்றாலே உள்ளேயிருந்து “இன்னாங்க” என்பாள். போய் நின்றால், “ஒண்ணுமில்ல, சும்மாதான்.” அந்தச் சும்மா வேண்டும் எனக்கு. ஒரே ஒரு தடவை.

17, திங்கள்

டெஸ்ட் வந்துவிட்டது. பரவியிருக்கிறது. இனி கரண்ட் வைக்க வேண்டுமாம், கதிர்வீச்சு.

செல்விக்குக் காலையில் குழாய் எடுத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் வாய் திறந்தாள். ‘இன்னாங்க’தான், தெரிகிறது, வெறும் காற்றாக வந்தது. மறுபடி முயன்றாள். வரவில்லை. கண்ணில் தண்ணீர். துடைத்துக்கொண்டாள். பிறகு உதட்டைச் சேர்த்து, மெதுவாக,

“பாபு.”

கல்யாணமான நாளிலிருந்து என் பேரைச் சொன்னவள் இல்லை. ஆஸ்பத்திரிச் சீட்டுக்குப் புருஷன் பேர் கேட்டபோதுகூட என்னைத்தான் கைகாட்டினாள். இதற்கு நாக்கு வேண்டாம், உதடு போதும்.

மாமியார் பதறி, “அடியே, வூட்டுக்காரர் பேரையா சொல்ற?”

“இருக்கட்டும் அத்தே” என்றேன். “செல்வி, இன்னொரு வாட்டி சொல்லு.”

சொன்னாள்.