அப்பா வாயைத் திறந்துவிட்டார்

அம்மா,

டாக்டர் எழுதிக்கொடுத்த புது மாத்திரை பஸ் ஸ்டாண்டுப் பக்கம்தான் கிடைக்குமாம், வாங்கப் போகிறேன். நீ வேலையிலிருந்து வரும்வரை பக்கத்து வீட்டு துர்கா அக்கா அப்பாவோடு இருப்பார். உப்பில்லாத ரசம் சின்னப் பாத்திரத்தில். நான் கவிழ்த்து வைத்திருக்கும் ரஷ்ய நாவலை மூடிவிடாதே, பக்கம் தவறிவிடும்.

இன்றைக்கு ஜெயித்துவிட்டோம்! "வாயத் தொறக்காத மனுசனுக்கு நான் எதுக்குத் தொணை?" என்று போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கோபித்துக்கொண்டாயே, இன்றும் டாக்டர் முன்னால் அப்பா அப்படித்தான் ஆரம்பித்தார். இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்த நாளிலிருந்து அதே பதில்: "நல்லாத்தான் இருக்குது சார்."

நான் காதோடு சொன்னேன். "யப்பா, டாக்டரு அடுத்த ஷிப்டுக்கு வந்தவருன்னு நெனச்சுக்க. சூளையில உள்ள கொறையெல்லாம் சொல்லி ஒப்படைக்கிற மாதிரி நெஞ்ச ஒப்படை."

முப்பது வருஷம் பீங்கான் கம்பெனியில் சூளை பார்த்தவர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "காலையில எடது பக்கம் இறுக்குது சார். படி ஏறுனா கூடுது. உக்காந்தா பத்து நிமிஷத்துல அடங்குது. தனியா இருந்தா பயமா இருக்குது."

கடைசியில் தான் சொன்னதைக் கேட்டு அப்பாவே திகைத்துப்போனார். டாக்டர் உடனே ஈசிஜி எடுத்தார், மாத்திரையை மாற்றினார். "இப்பவாச்சும் சொன்னீங்களே, நல்ல நேரத்துல புடிச்சிட்டோம்" என்றார்.

அப்பாவைத் திட்டாதே. "எப்படி இருக்குது?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுத்திரு.

கார்முகில்

பி.கு.: நான் எழுதும் இந்தச் சீட்டை எட்டிப் பார்த்துவிட்டு அப்பா இதையும் எழுதச் சொன்னார். "வந்ததும் அடுப்படிக்கு ஓட வேணாம்னு சொல்லு. கொஞ்ச நேரம் எம் பக்கத்துல உக்காரட்டும். அவ இருந்தா பயம் இல்ல." நான் ஒரு வார்த்தை கூடச் சேர்க்கவில்லை.