உள்பக்கத்துக் கோடு

செப்டம்பர் 9, செவ்வாய்

காலையில் மலையடிவாரத்து எங்கள் டயர் கடைக்குப் பழைய நீலக் கார் ஒன்று வந்தது. ஓட்டி வந்தவர் மலைச்சாமி, பூம்பாறையில் பூண்டு விவசாயம். "ஒரு மாசமா தெனம் வெள்ளனே காத்தடிச்சுத்தான் வண்டிய எடுக்கேன். பஞ்சர்காரங்கள்லாம் டயர்ல ஓட்டையே இல்லேங்கிறாங்கம்மா."

முன்பக்க இடது சக்கரம். டயரைக் கழற்றினேன். அலாய் ரிம்மில் டயர் உட்காரும் விளிம்பு வெள்ளையாய் அரித்துப் பொரிந்து கிடந்தது. காற்று போக அது போதும். உப்புத்தாளால் தேய்த்துப் பசை தடவி மாட்டினேன். சோப்புத் தண்ணீர் ஊற்றினேன், குமிழ் இல்லை. மனிதர் சிரித்துக்கொண்டே மலையேறினார்.

செப்டம்பர் 10, புதன்

கழற்றும் ரிம்மையெல்லாம் போனில் படம் எடுத்து வைப்பேன். மத்தியானம் நேற்றைய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உள்பக்கத்தில் முடி போல ஒரு கோடு. கீறலா? இல்லை. விளிம்பையே வெட்டிக்கொண்டு போகிறது.

விரிசல்.

வெளிப்பக்கம் மட்டும்தானே தண்ணீர் ஊற்றினேன்? காரணம் கிடைத்துவிட்டதென்று உள்பக்கம் திரும்பவே இல்லை. அந்த ரிம்மோடு கொண்டை ஊசி வளைவில் ஒரு பள்ளத்தில் இறங்கினால் ரிம் பிளந்து காற்று ஒரே நொடியில் போய்விடும். போன் நம்பர்கூட வாங்கவில்லை, பாவி.

என் வீட்டுக்காரர் ஜெயமுருகனிடம் காட்டினேன். படத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நாமளே போயிச் சொல்லி மாட்டிக்கிடணுமா? ஒண்ணு ஆச்சுன்னா பாலசமுத்திரத்துல கடை வைக்க முடியுமா? வேற சோலியப் பாரு சுசித்ரா."

செப்டம்பர் 11, வியாழன்

கடையில் நின்றேன். எந்தக் கார் வந்தாலும் நீலமாகத் தெரிகிறது. நாளைக்குப் போகிறேன். அவர் என்ன சொன்னாலும் சரி.

செப்டம்பர் 12, வெள்ளி

முதல் பஸ்ஸில் கொடைக்கானல், அங்கிருந்து பூம்பாறை பஸ். வழியெல்லாம் பள்ளங்களை எண்ணிக்கொண்டே போனேன்.

விசாரித்ததில் வீடு கிடைத்தது. கார் இல்லை. மலைச்சாமியின் மனைவி காளியாயி வாசலில் பூண்டு காயப்போட்டுக்கொண்டிருந்தார். "மாசமா இருக்கிற மகள ஸ்கேனுக்குக் கூட்டிக்கிட்டு வத்தலக்குண்டு போயிருக்காக. நீங்க யாரும்மா?"

சொன்னேன். முழுதையும் சொன்னேன். கையிலிருந்த முறம் கீழே சரிந்தது.

"தெரிஞ்சே அனுப்புனியா?"

"இல்லங்க. தெரிஞ்சிருக்கணும். பாக்காம விட்டுட்டேன்."

நம்பர் வாங்கி அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி. மறுபடி. காளியாயி என்னைத் திட்டவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. என் முழங்கையை இறுக்கிப் பிடித்தபடி நின்றார். பதினோராவது தடவை எடுத்தார் மலைச்சாமி.

"மலையெறங்குற வழியில டம்டம் பாறைகிட்ட டீ குடிக்கோம். என்னம்மா?"

"வண்டிய எடுக்காதீங்க! இடது முன் சக்கரம் — ரிம்முல விரிசல் இருக்கு. ஸ்டெப்னிய மாட்டுங்க. மாட்டாம ஒரு அடி நகத்தாதீங்க, உங்களக் கும்பிட்டுக் கேக்கேன்."

டீ கிளாஸைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "நேத்தும் காத்து எறங்குச்சு. நீங்க ஒட்டுனது நிக்கலையோன்னு நெனச்சேன்" என்றார்.

அரைமணி நேரம் கழித்து ஒரு படம் அனுப்பினார். கழற்றிய சக்கரத்தின் உள்பக்கம். கோடு இப்போது விரல் நீளம், வாய் லேசாகத் திறந்திருந்தது. காளியாயி போனை வாங்கிப் பார்த்தார். அப்புறம்தான் அழுதார். அழுது முடித்து, "இனிமே எங்க வண்டிய நீ தொடாத. சாப்பிட்டுட்டுப் போ" என்றார். சாப்பிட்டேன்.

செப்டம்பர் 13, சனி

ஜெயமுருகனிடம் அந்தப் படத்தை நீட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.  

செப்டம்பர் 27, சனி

கோயம்புத்தூர் கார் ஒன்று. உள்பக்கத்தில் சின்ன விரிசல். "கொடைக்கானல்ல ரூம் போட்டாச்சுங்க, எதையாச்சும் வெச்சு ஒட்டிக் குடுங்க" என்றார் வந்தவர். நான் வாய் திறக்குமுன் ஜெயமுருகன், "ஒட்டக் கூடாதுங்க. ஸ்டெப்னியப் போட்டுத் தாரேன். வேற ரிம் வாங்காம மலையேறாதீங்க" என்றார். அந்த ஆள் முணுமுணுத்துக்கொண்டே சக்கரத்தை உருட்டி எதிர்க்கடைக்குப் போய்விட்டார்.

எதிர்க்கடை முருகவேலும் என் வீட்டுக்காரரும் இரண்டு வருஷமாக முகம் பார்ப்பதில்லை.

இவர், "அவன் ஒட்டிக் குடுத்துருவான்" என்று கையைத் துடைத்தார். இரண்டு பக்கமும் பார்த்து, சாலையைக் கடந்து அங்கே போனார்.