கிருத்திகை விரதம்

1976 ஆடி, வெள்ளி இரவு. திருத்தணி.

தூக்கம் வரவில்லை. காலையில் பொதட்டூர்பேட்டையில் ஒரு நெசவாளரிடம் ரத்தம் எடுத்தேன். தொழுநோய் கண்டவர்களின் வெள்ளை அணுக்கள் ஏன் அந்தக் கிருமியை எதிர்ப்பதில்லை என்பதுதான் பல்கலைக்கழகத்தில் என் ஆராய்ச்சி. தொட்டால் ஒட்டாது என்று ஊர் ஊராகச் சொல்கிறவளும் நான்தான்.

ரத்தம் எடுத்து முடித்ததும் அவர் மனைவி மோர் கொண்டுவந்தார். விரல் மடங்கிய கையால் நெசவாளரே டம்ளரை வாங்கி என்னிடம் நீட்டினார். "வெயில்ல வந்துகினு இருக்கீங்க, குடிங்கம்மா."

"இன்னிக்குக் கிருத்திகைங்க. விரதம்" என்றேன். வாயில் அதுதான் வந்தது.

அப்புறம்தான் அவர் தலையைப் பார்த்தேன். கிருத்திகை நேற்று. மலைக்குப் போய் மொட்டை போட்டு வந்திருக்கிறார். சந்தனம் இன்னும் ஒட்டியிருந்தது. நேற்று அந்தக் கிருத்திகைக் கூட்டத்தால் பஸ் கிடைக்காமல் நின்றவள் நான்.

"ஆங், விரதம்னா வேணாங்க" என்று டம்ளரை மனைவியிடம் கொடுத்துவிட்டார். அந்த அம்மாள் என்னைப் பார்க்காமல் உள்ளே போனார்.

ஊசி குத்திய இடத்தைப் பஞ்சால் அழுத்திக்கொண்டே வாசல்வரை வந்தார். "ரத்தம் இன்னும் வேணும்னா வாங்கம்மா. விரதம் இல்லாத நாளா பாத்து வாங்க."

கேலியாகச் சொல்லவில்லை. கேலியாகவாவது சொல்லியிருக்கலாம்.