மீட்டர் பூஜ்ஜியத்தில் இருக்க வேண்டும்

பதிவு 1
10 ஜூன் 2043, 06:10

மேற்பரப்பு நீர் 29.4 டிகிரி. ஆயிரம் மீட்டர் ஆழத்து நீர் 6.1. வித்தியாசம் 23.3. அம்மோனியா அழுத்தம் சரி. உற்பத்தி பூஜ்ஜியம்.

எழுதுவது ஜெசிந்தா வாஸ், கடல்வெப்ப மின்நிலையப் பொறியாளர். தூத்துக்குடிக்கு 38 கடல் மைல் வெளியே மிதக்கிறோம். இதை எடுத்துப் படிப்பவர் எங்கள் துறையில் வேலை பார்க்காதவராக இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

சூரியன் இந்தக் கடலின் மேல்நீரை வருடம் முழுக்க இலவசமாகச் சுடவைக்கிறது. அந்தச் சூட்டில் அம்மோனியா கொதித்து, டர்பைன் எனும் சுழலியைச் சுழற்றும். அடிநீரின் குளிரில் மறுபடி திரவமாகும். மேகம் வந்தாலும் காற்று நின்றாலும் ராத்திரி ஆனாலும் மின்சாரம் வரும். நம் மாதிரி வெயில் நாட்டுக்கென்றே அமைந்த வரம் இது. நிலையம் கட்டி முடித்து 94 நாள் ஆகிறது. திறப்பு விழா நடக்காததால் ஓட்டக்கூடாது.

அதுவரை விளக்குக்கும் விசிறிக்கும் மின்சாரம் தருவது பக்கத்தில் கட்டியிருக்கும் பார்ஜில், அதாவது இழுத்துப் போகும் மிதவையில், ஒரு டீசல் ஜெனரேட்டர். சுத்த எரிசக்திக்கு வாழ்த்துகள்.

ஏழாவது குழாய் இணைப்பில் கேஸ்கெட் என்ற அடைப்பு வளையம் போய் அம்மோனியா கசிகிறது. காற்றோட்ட விசிறி ஓடும்வரை பயமில்லை. கேஸ்கெட் கேட்டு மூன்று கடிதம் போட்டேன். நேற்றைய படகில் கல்வெட்டு வந்தது. கறுப்பு கிரானைட்டில் பதினொரு பெயர், பொன்னெழுத்தில். இதைக் கட்டிய ஒருவர் பெயர்கூட அதில் இல்லை. வெட்கமில்லாமல் என் பெயரையும் தேடிப் பார்த்தேன்.

பதிவு 2
12 ஜூன், 15:40

பார்ஜ் போய்விட்டது. கரைக் கட்டுப்பாட்டறையிலிருந்து உதவிச் செயற்பொறியாளர் ஆறுமுகநயினார் காலையில் பேசினார்:

"மேடம், பதினாலாம் தேதி விழாவுக்கு வெளிநாட்டுக்காரங்க வாறாங்க. ட்ரோன்ல படம் எடுப்பாவ. பக்கத்துல டீசல் பொகை வந்தா அசிங்கமா இருக்கும்லா? பார்ஜை இழுத்துட்டு வந்துருதோம். ரெண்டே நாளு, பேட்டரில ஓட்டுங்க."

பார்ஜோடு என் ஆறு ஆட்களும் போனார்கள். சீருடை போட்டு மேடையில் வரிசையாக நிற்க ஆள் வேண்டுமாம். அம்மோனியா உள்ள இடத்தில் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே நான் இருக்கிறேன்.

பேட்டரி 80 சதவீதம்.

பதிவு 3
13 ஜூன், 11:05

விழா தள்ளிப்போயிற்று. பதினான்கு அஷ்டமியாம், பதினைந்து நவமியாம். பதினாறு வெள்ளைக்காரர்களுக்குத் தோதுப்படாதாம். இருபதாம் தேதி வைத்துக்கொள்கிறார்கள். ஆறு மாதமாக விழாவுக்குத் திட்டம் போட்டவர்களில் ஒருவருக்கும் காலண்டரைப் பார்க்கத் தோன்றவில்லை. கடலுக்கு அடியில் ஒரு கிலோமீட்டர் குழாய் இறக்கிய நாடு இது.

பார்ஜைத் திருப்பி அனுப்பச் சொன்னேன். கச்சான் என்கிற மேல்காற்று எழும்பிவிட்டதால் இழுத்து வர முடியாதாம். அது மட்டும் உண்மைதான், அலை இரண்டு ஆள் உயரம்.

பேட்டரி 71. விசிறிக்கும் ரேடியோவுக்கும் மட்டும் நாளுக்கு ஒன்பது போகிறது.

பதிவு 4
15 ஜூன், 09:30

பேட்டரி 53.

படிப்பவருக்குப் புரியும்படி சொல்கிறேன். நிலையம் ஓட ஆரம்பித்துவிட்டால் தனக்கு வேண்டியதைத் தானே பார்த்துக்கொள்ளும். ஆரம்பிக்க மட்டும் பெரிய பம்புகளுக்கு வெளி மின்சாரம் வேண்டும். பேட்டரியில் 40 இருந்தால் ஒரு தடவை கிளப்பலாம். அதற்குக் கீழே இறங்கினால் நான் உட்கார்ந்திருப்பது வெறும் இரும்பு. சில நாளில் விசிறி நிற்கும். கசிவு நிற்காது.

கிளப்ப அனுமதி கேட்டேன். ஆறுமுகநயினாரின் பதில்:

"மேடம், மேடையில பெரிய மீட்டர் வச்சிருக்காவ. அமைச்சர் பொத்தானை அமுக்கும்போது பூஜ்ஜியத்துல இருந்து ஏறணும். இப்பவே ஓட்டுனீங்கன்னா மீட்டர்ல எண்ணு விழுந்துரும். தயவுசெஞ்சு எதுவும் செஞ்சிராதீங்க. எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைய இருக்கு."

நல்ல மனிதர்தான். அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

பதிவு 5
16 ஜூன், 05:20

பேட்டரி 44. கிளப்பிவிட்டேன். அனுமதி இல்லை. எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நான்தான் செய்தேன்.

05:41. சுழலி ஓடுகிறது. 600 கிலோவாட்.

05:58. 1,150 கிலோவாட். எல்லா விளக்கும் எரிகிறது. எல்லா விசிறியும் ஓடுகிறது. துளி எண்ணெய் இல்லை, வெறும் கடல் தண்ணீர். பதினேழு வருடம் இதற்காகத் தாள் தாளாக எழுதினேன், சிரித்தார்கள். இப்போது ஓடுகிறது. அழுதுகொண்டே எழுதுகிறேன், எனக்கு வெட்கமில்லை.

06:28. நின்றுவிட்டது. எங்கள் பழுது இல்லை. கரையிலிருந்து நிறுத்தியிருக்கிறார்கள். ரேடியோவில் ஆறுமுகநயினார்:

"மேடம், மீட்டர் ஏறிட்டு! மேலதிகாரி பக்கத்துல நிக்காரு, நா என்ன செய்யட்டும்? டிரிப் பண்ணிட்டேன். மீட்டரைக் கழத்திட்டு வேற மாட்டுதாவ. இருபதாம் தேதி நீங்களே மறுபடி கிளப்பிருங்க."

எதை வைத்துக் கிளப்ப என்று கேட்டேன். நாற்பத்தேழு நிமிட ஓட்டத்தில் பேட்டரி ஏறியது கொஞ்சம்தான். மீதி 9.

பதிவு 6
17 ஜூன், 13:15

நேற்றே விசிறியை நிறுத்திவிட்டேன். மிச்சம் ரேடியோவுக்கு வேண்டும்; அதில் நான் பேசுவது கரை அறைக்கு மட்டும்தான் கேட்கும்.

உள்ளே போனால் தொண்டை எரிகிறது. சாப்பாடும் குடிநீரும் உள்ளேதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை போய் ஒரு கேன் தண்ணீரும் பிஸ்கெட்டும் எடுத்து வந்தேன். மூன்றாவது தடவை வாசலிலேயே விழுந்தேன். இனிமேல் இருப்பு மேல்தளத்தில்தான்.

படகு கேட்டேன். பெரிய அலையில் வரக்கூடியவை இரண்டு. இரண்டும் அமைச்சரின் கடலோரப் பாதுகாப்புக்குப் போயிருக்கின்றன. அவர் கடலுக்கு வரப்போவதே இல்லை, கரையில் பந்தலுக்குள் உட்காரப்போகிறார். உயிர்காப்புத் தெப்பத்தைச் சான்றிதழ் புதுப்பிக்க மார்ச் மாதம் கொண்டுபோனார்கள். சான்றிதழ் வந்துவிட்டது, மின்னஞ்சலில். தெப்பம் வரவில்லை.

பதிவு 7
19 ஜூன், 16:50

கண் சரியாகத் தெரியவில்லை. இருமினால் ரத்தம். தண்ணீர் அரை லிட்டர். காற்று திசை மாறும்போதெல்லாம் நானும் தளத்தில் இடம் மாறுகிறேன்.

நயினாரிடம் சொன்னேன்: நாளைக்குப் படகு வரவில்லையென்றால் நான் உயிரோடு இருக்க மாட்டேன். அவர் சொன்னார்:

"விழா முடியட்டும் மேடம். முடிஞ்ச நிமிசமே படகு ஏத்திவிடுதேன். என் பிள்ளைய மேல சத்தியம்."

பேட்டரி 4.

பதிவு 8
20 ஜூன், 10:35

ரேடியோவில் விழா கேட்கிறேன். பொத்தான் அமுக்கியாயிற்று, கைதட்டல். மீட்டர் ஏறுகிறதாம். இங்கே ஒரு போல்ட்கூட அசையவில்லை. பந்தலுக்குப் பின்னால் என் பார்ஜ் ஜெனரேட்டர் ஓடுகிறது. அதன் சத்தம் எனக்குத் தெரியும், ஒலிபரப்பிலேயே கேட்கிறது.

அமைச்சர் பேசுகிறார்:

"பெருமையோடு சொல்கிறேன். இது முழுக்க முழுக்கத் தானியங்கி நிலையம். இந்த நிமிடம் நடுக்கடலில் ஒரு மனிதர்கூட இல்லை. இயற்கையும் தமிழனின் அறிவும் மட்டுமே அங்கே இருக்கின்றன!"

கைதட்டல் இன்னும் நிற்கவில்லை.

10:52. நயினார்:

"மேடம், அமைச்சர் சொன்னதக் கேட்டீங்கல்ல. இப்போ படகு விட்டா யாருக்குன்னு கேப்பாவ. கொஞ்சம் பொறுங்க. இன்னொண்ணு, ட்ரோன் வந்துக்கிட்டிருக்கு, நேரலை. நீங்க மேல நிக்கது தெரியும். அரை மணி நேரம் உள்ள போயிருங்க மேடம்."

உள்ளே போகச் சொல்கிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

போகவில்லை. ஆரஞ்சுச் சட்டை போட்டிருக்கிறேன். தளத்தின் நடுவில் நிற்கப்போகிறேன். உலகமே பார்க்கட்டும்.

11:10. ட்ரோன் வந்தது. நேர் எதிரே, பத்து மீட்டரில் நின்றது. இரண்டு கையையும் ஆட்டினேன், கத்தினேன். குரல் வரவில்லை. நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் போனது. பார்த்துவிட்டார்கள். இனி மறைக்க முடியாது. படகு வரும்.

11:31. பேட்டரி 1. கரை:

"மேடம், நீங்க நின்னு கையாட்டுனதுக்கு இங்க எல்லாரும் பதறிட்டாவ. நல்லவேளை, நேரலையில ஆள் தெரிஞ்சா மென்பொருளே அழிச்சிருதாம். உங்க இடத்துல கடல்தான் தெரிஞ்சுது. யாரும் பாக்கல. பயப்படாதீங்க."

11:34. படகைக் கேட்டேன். ரேடியோ