துனிசியாவை விசாரித்தது

12 ஜனவரி 2025, ஹோர்சன்ஸ், டென்மார்க்

1. எழுதுபவன் ஞானரட்ணம், சட்டம் படித்தவன், இங்குள்ள கொம்யூனில், அதாவது நகராட்சியில், சட்ட அலுவலர்.

2. மகள் துஷாரா, யாசின் என்பவரை மணக்க விரும்புவதாக இன்று அறிவித்தாள். அவருடைய பெற்றோர் துனிசியாவிலிருந்து வந்தவர்கள்.

3. பதிவுத் திருமணத்தில் என்னைச் சாட்சியாக நிற்கக் கேட்டாள். விசாரித்தபின் சொல்வதாகக் கூறினேன்.

மாப்பிள்ளையின் ஊரில் நாலு பேரிடம் விசாரிக்காமல் எங்களில் எவர் சம்மதித்திருக்கிறார்? துனிசியாவில் எனக்கு ஒருவரையும் தெரியாது. ஆகவே நாட்டையே விசாரிப்பதென்று தீர்மானித்தேன்.

19 ஜனவரி

வடக்கிலும் கிழக்கிலும் மத்தியதரைக் கடல். தெற்கே சகாரா. இடையில் ஒலிவ் தோட்டங்கள். உரோமையே நடுங்க வைத்த கார்த்தேஜ் நகரம் இருந்தது இங்கேதான். சிறிய நாடு, குறை சொல்ல இடம் கிடைக்கவில்லை.

2 பெப்ரவரி

1846இல் அடிமை முறையை ஒழித்திருக்கிறார்கள் — அமெரிக்காவுக்கு முன்னரே! 1861இல் எழுத்திலான அரசியலமைப்பு. 1956இல் பிரான்சிடமிருந்து விடுதலை. அதே ஆண்டில் பலதார மணத்துக்குத் தடை, மணமக்கள் இருவரின் சம்மதமும் கட்டாயம். எழுந்து நின்று வாசித்தேன்.

2022 அரசியலமைப்பு சனாதிபதியின் கையில் அதிகாரத்தைக் குவித்திருக்கிறது. பாதகமாகக் குறிக்கப் போனேன். இலங்கையில் பிறந்தவன் அதைப் பற்றி வாய் திறக்கலாமா?

9 பெப்ரவரி

"அப்பா, நான் யாசினைத்தான் கட்டுறன். துனிசியாவை இல்லை." மிச்சத்தை டேனிஷில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். விளங்காதவன்போல் இருந்தேன்.

23 பெப்ரவரி

மனைவி விமலாதேவி பொறுமை இழந்தாள். "நாடு நல்ல குடும்பம் எண்டு தெரிஞ்சிட்டுது. பெடியன் எப்பிடி எண்டு எப்ப கேக்கப் போறியள்?"

ஏன் கேட்கவில்லை? பயம். பிள்ளை சமயம் மாறி, வேற ஆளாப் போயிடுவாளோ... எங்கடை வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்து போவாளோ... இதை நான் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?

8 மார்ச்

யாசின் வந்தார். ரமழான் நோன்பு. சூரியன் மறையும்வரை எங்களையும் இடியப்பத்தில் கைவைக்க விமலாதேவி விடவில்லை.

துனிசியாவின் மெஜெர்தா ஆற்றுப் பாசனம் பற்றி வினவினேன். "மாமா" என்பதை மட்டும் தமிழில் சொல்லி, மீதியை டேனிஷில் சொன்னார்: தான் டென்மார்க்கிலேயே, ரண்டர்ஸில் பிறந்தவர், அங்கே ஓடும் குடெனோ ஆறுதான் தெரியும்.

"இனி நீங்கள் அவருக்கு வகுப்பெடுங்கோ!" — விமலாதேவி சிரிப்பை அடக்கவில்லை.

கடைசியில் கேட்டே விட்டேன்: துஷாரா மதம் மாற வேண்டுமா?

"வேண்டாம். இதை என் தகப்பனிடமும் சொன்னேன். ஒரு மாதமாக அவர் என்னோடு கதைக்கவில்லை."

"இப்போது?"

"இலங்கையின் வரலாறு வாசிக்கிறார்."

எனக்கு அந்த மனிதரை உடனே பிடித்துவிட்டது. மகனை அதற்கு முன்பே பிடித்துவிட்டது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

14 ஜூன், ரண்டர்ஸ்

நகரசபை மண்டபம். மழை. பதிவாளர் வாசித்து முடிக்கும்வரை யாசினின் தந்தை நூரெடினும் நானும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அவர் முதலில் கையெழுத்திட்டார். பேனாவை மூடாமலே என்னிடம் நீட்டினார்.

மணமக்கள்: துஷாரா, யாசின்

சாட்சிகள்:
நூரெடின்
ஞானரட்ணம் (ஒப்பம்)